மூன்று எண்களில் ஒரு சவரிமுத்து

போன வாரம் நிவேதா போன் செய்தாள். திண்டுக்கல்லில் நான் வேலை பார்த்த கல்லூரியின் குடும்பவியல், முதுமையியல் துறையில் இப்போது ஆய்வு உதவியாளராக இருக்கும் பெண். துறை சார்பில் ஒரு மலர் வெளியிடுகிறார்களாம்.

"ஓய்வு பெற்றவர்கள் பக்கம்னு ஒண்ணு வச்சிருக்கோம் மேடம். நீங்க ஒரு கட்டுரை தரணும்."

எனக்கு முப்பத்து நான்கு வயது. மகளின் பள்ளிச் சீருடைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன்.

"நான் ஓய்வு பெறலையேம்மா. வேலைய விட்டுட்டுத்தான வந்தேன்."

"வேலைய விட்டவங்கன்னு தலைப்புப் போட்டா நல்லா இருக்காதுன்னு சார் சொல்லிட்டாங்க மேடம்."

சார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சொல்லிச் சொல்லியே எட்டு வருடம் அங்கே வேலை பார்த்தவள் நான். ஒப்புக்கொண்டேன். போனை வைப்பதற்கு முன் அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"இன்னொண்ணு மேடம். ஒரே தாத்தா மூணு பரிசு வாங்குனாருன்னு இங்க சொல்லிச் சிரிக்கிறாங்க. நெசமா? இப்ப எங்களுக்கு எல்லாம் டேப்லெட். ஒரே ஆதார் நம்பர் ரெண்டாவது தடவ வந்தா செகப்பாக் காட்டும். மேல போகவே விடாது."

நிஜம்தான். அதில் ஒரு பிழை என்னுடையது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். எழுதலாமா கூடாதா என்று நான்கு நாள் யோசித்தேன். எழுதிய பிறகும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். சவரிமுத்து என்பது அந்தப் பெரியவருடைய பெயர் அல்ல. ஆனால் அதே அளவுக்கு எங்கள் பக்கம் சாதாரணமான பெயர்தான். ஊர்களையும் இடம் மாற்றியிருக்கிறேன். எதை எதுவாக மாற்றினேன் என்று யாரும் கேட்க வேண்டாம்.

பயிற்சிக் காலத்தை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். கணிதம் கேட்டு விண்ணப்பித்தேன், குடும்பவியலில் இடம் கிடைத்தது. "குடும்பத்தப் பத்தித் தெரிஞ்சுக்க காலேஜுக்கு எதுக்குப் போகணும்" என்று பள்ளி ஆசிரியரான அப்பா கேட்டார். கேட்டுவிட்டு ஃபீஸ் கட்டினார். முதுமையைப் பற்றிய கோட்பாடுகளை மனப்பாடம் செய்தேன். எம்.ஃபில். முடித்ததும் அதே துறையில் வேலை கிடைத்தது. அதன் பிறகு எத்தனையோ வீடுகளுக்குப் போனேன். அந்தக் கோட்பாடுகளில் ஒன்றுகூட எந்த வீட்டிலும் என் கண்ணில் படவில்லை. நான் சரியாகப் பார்க்காமலும் இருந்திருக்கலாம்.

நிவேதா சொன்ன 'சார்' எங்கள் துறைத் தலைவர். அந்தப் பேராசிரியரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பணி ஓய்வை மனிதர்கள் இயல்பாக ஏற்றுக்கொள்வது எப்படி என்பது அவருடைய சிறப்புத் துறை. அதில் அவருடைய மிக நல்ல கட்டுரைகள் அவருக்கு இரண்டாவது முறை பணி நீட்டிப்புக் கிடைத்த பிறகு எழுதப்பட்டவை. கோபப்பட மாட்டார். "நான் ஒண்ணும் சொல்லல" என்று தொடங்குவார். அவர் முடிக்கும்போது எதிரே இருப்பவர் அழுதுகொண்டிருப்பார்.

எந்தத் தாளையும் அவருக்கு நடுவில் கோடு போட்டு இரண்டு பத்தியாகத் தர வேண்டும். இடப்பக்கம் விவரம், வலப்பக்கம் சாரம். அவர் வலப்பக்கத்தை மட்டும் படித்துவிட்டுப் பச்சை மையில் 'பார்த்தேன்' என்று எழுதுவார். மலர் இரண்டு பத்தியாகத்தான் அச்சாகும் என்று நிவேதா சொன்னாள். இந்தக் கட்டுரையை முடிந்தவரை இடப்பக்கமாகவே போடும்படி அவளைக் கேட்டுக்கொள்கிறேன்.

களத்துக்கும் வருவார். காரை விட்டுத்தான் இறங்க மாட்டார். ஒரு முறை தொப்பம்பட்டிப் பக்கம் தோட்டத்தில் இருந்த பெரியவர் ஒருவரைக் காருக்குள் உட்காரவைத்துப் பேட்டி எடுத்தார். சித்திரை வெயில். உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

"உங்கள் வசிப்பிடச் சூழல் மனநிறைவு தருகிறதா?" என்று பேராசிரியர் கேட்டார்.

பெரியவர் ஒரு முறை காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, நல்லாத்தானுங்க இருக்குது. இங்கயே இருந்துக்கட்டுங்களா?" என்றார்.

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

இனி அந்தப் படிவம். 'குடும்ப மனநிறைவு அளவுகோல்' என்று பெயர். நாற்பது கேள்விகள். திண்டுக்கல் நகரம், கொடைரோடு, நெய்க்காரப்பட்டி என்று மூன்று இடங்களில், பெரியவர்கள் இருக்கும் முந்நூறு குடும்பங்களில் கேட்க வேண்டும். பேராசிரியருடைய கட்டுரைக்கும் என்னுடைய பிஎச்.டி.க்கும் அதுதான் ஆதாரம். மகளுக்கு நான்கு மாதம் ஆகியிருந்தபோது, பிரசவ விடுப்பு முடிந்து நான் திரும்பிப் போனது இந்த வேலைக்குத்தான்.

களத்தில் இறங்குவதற்கு முன் படிவத்தைத் தெரிந்தவர்களிடம் கேட்டுச் சோதிக்க வேண்டும் என்பது விதி. எனக்குத் தெரிந்த பெரியவர் என் மாமியார். மகளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்த அத்தையிடம் முப்பத்தோராவது கேள்வியைப் படித்தேன். பேரக்குழந்தைகளைப் பராமரிக்கிறீர்களா? விருப்பத்துடனா, நிர்ப்பந்தத்தாலா?

"ரெண்டு கட்டந்தான் இருக்கா?" என்றார்.

"எது சரியோ அதுல டிக் போடணும் அத்தை."

"காலையில அஞ்சு மணிக்கு அழுகுறப்போ அது. குளிப்பாட்டி விட்டதும் சிரிக்கிறப்போ இது. நீ எத்தன மணிக்குக் கேக்குற?"

"பொதுவா கேக்குறேன் அத்தை."

"பொதுவா யாரு பிள்ள வளக்குறா? மூணாவதா ஒரு கட்டம் போடச் சொல்லு உங்க சார."

சொன்னேன். பேராசிரியர் பொறுமையாக விளக்கினார். "நான் ஒண்ணும் சொல்லல. மூணாவது கட்டம் போட்டா எல்லாரும் அதுலதான் டிக் போடுவாங்க. அப்புறம் ஆய்வு முடிவு எங்கேருந்து வரும்?"

படிவத்தைவிட எங்கள் விதிகள் இன்னும் கண்டிப்பானவை. முதலாவது, ரகசியம். படிவத்தில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். பெயர், முகவரி, போட்டோ மூன்றையும் தனி உறையில் போட்டு ஒட்டி, அலமாரியில் வைத்துப் பூட்ட வேண்டும். சாவியை அலமாரிக்குப் பக்கத்திலேயே ஆணியில் மாட்டியிருந்தோம்.

இரண்டாவது, தனிமை. பெரியவரிடம் பேசும்போது வீட்டார் யாரும் உடன் இருக்கக் கூடாது. மருமகள் நகராமல் நின்றால் முதலில் தண்ணீர் கேட்க வேண்டும். பிறகு ரேஷன் அட்டை கேட்க வேண்டும். பிறகு அதன் ஜெராக்ஸ் கேட்க வேண்டும். இந்த மூன்றுக்குள் பன்னிரண்டு கேள்வியை முடித்துவிடலாம் என்று நானே கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தேன். அடுப்படியில் தண்ணீர் மோந்துகொண்டே கூடத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல எங்கள் ஊர்ப் பெண்களால் முடியும் என்பதைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டேன். எனக்கே அது முடியும், ஆனாலும் தோன்றவில்லை. படிவத்தின் கடைசியில் 'பிறர் உடன் இருந்தனரா?' என்று ஒரு கட்டம் உண்டு. 'ஆம்' போட்ட படிவங்கள் 'மீண்டும் செல்க' என்ற பச்சை மையோடு திரும்பி வந்தன. ஒரே வாரத்தில் எல்லாப் படிவங்களிலும் 'இல்லை' என்று வந்தது.

மூன்றாவது, மறுசரிபார்ப்பு. பத்துக்கு ஒரு படிவத்தை எடுத்து, அந்த வீட்டுக்குப் போன் செய்து, அப்படி ஒருவர் உண்மையிலேயே இருக்கிறாரா என்று உறுதி செய்து கையெழுத்துப் போட வேண்டும். அது என் வேலை.

ஜனவரியில் கொடைரோடு, பிப்ரவரியில் திண்டுக்கல், மார்ச்சில் நெய்க்காரப்பட்டி என்று களப்பணி முடிந்தது. அந்தந்த ஊர் மாணவிகளையே அந்தந்த ஊருக்கு அனுப்பியிருந்தோம். மதிப்பெண்களைக் கூட்டிப் பார்த்தபோது மூன்று இடங்களிலும் ஒவ்வொரு குடும்பம் நாற்பதுக்கு நாற்பது வாங்கியிருந்தது. எண் 112, எண் 187, எண் 241. பேராசிரியர் நெகிழ்ந்துபோனார். அக்டோபரில் முதியோர் நாள் விழா வைத்து, இந்த மூன்று குடும்பங்களுக்கும் 'மகிழ்குடும்ப விருது' தருவது என்று முடிவானது. பெரியவருக்குப் பொன்னாடை, குடும்பத்துக்குச் சான்றிதழ். ரகசியம் காக்க வேண்டும் என்பதால் சான்றிதழில் பெயர் இருக்காது; 'குடும்ப எண் 187' என்றுதான் இருக்கும். நேரில் மேடைக்கு வந்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

மூன்று வீடுகளுக்கும் கடிதம் எழுத அலமாரியைத் திறந்து மூன்று உறைகளையும் பிரித்தேன்.

எண் 112, சவரிமுத்து, கொடைரோடு. எண் 187, சவரிமுத்து, திண்டுக்கல். எண் 241, சவரிமுத்து, நெய்க்காரப்பட்டி. எனக்குச் சந்தேகம் வரவில்லை. எங்கள் பங்குக் கோயிலில் மட்டும் ஆறு சவரிமுத்து உண்டு. மூவருக்கும் தலைப்பெழுத்து 'ம'. அப்போதும் வரவில்லை. வயது எழுபத்தொன்று, எழுபத்தாறு, எழுபத்தொன்பது என்று இருந்ததால் வேறு வேறு ஆள்தான் என்று உறுதியே செய்துகொண்டேன். கடிதங்களைத் தபாலில் போட்டுவிட்டு வந்து, மேடையில் யார் யார் என்று தெரிந்துகொள்ளலாமே என்றுதான் போட்டோக்களை எடுத்தேன். மூன்றிலும் ஒரே முகம். மூக்குக் கண்ணாடியின் இடப்பக்கம் ஒரே விரிசல். மடியில் ஒரே நீல ஜிப் பை.

கொடைரோட்டு மருமகளுக்குப் போன் செய்தேன்.

"ஆமா மேடம், எங்க மாமாதான். மூணு மகன் வீட்டுலயும் மாசமாசம் முறை. காலண்டர்லயே எழுதி வச்சிருக்கோம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் எங்களுது. எங்களுக்குத்தான் வருசத்துக்கு நூத்தி இருபத்தி மூணு நாளு. டவுன்ல இருக்கிற கொழுந்தனுக்கு பிப்ரவரி வர்றதுனால நூத்தி இருபதோட முடிஞ்சிரும். கேட்டா லீப் வருசத்துல ஒண்ணு கூட வருதுல்லங்குறா அவன் பொண்டாட்டி. கடைசிக் கொழுந்தனுக்கு நெய்க்காரப்பட்டி. நூத்தி இருபத்தி ரெண்டுதான், ஆனா கிறிஸ்மஸ் அவுகளுக்குப் போயிருது."

அதாவது எங்கள் ஆய்வுக் குழுவும் சவரிமுத்துவும் ஒரே வழியில், ஒரே மாதங்களில், ஒரே வரிசையில் பயணம் செய்திருக்கிறோம். நாங்கள் போன இடமெல்லாம் அவர் இருந்தார். வயதை அவரிடம் கேட்காமல் அந்தந்த வீட்டில் கேட்டு எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் அவர் ஒவ்வொரு வயது.

அவர் சொல்லாமலும் இல்லை. நெய்க்காரப்பட்டிக்குப் போன மாணவி, குறிப்பு என்ற இடத்தில் இப்படி எழுதியிருந்தாள்: 'இதே கேள்விகளுக்கு ஏற்கெனவே இரண்டு முறை பதில் சொன்னதாகக் கூறுகிறார். ஞாபகத் தடுமாற்றம் உள்ளது.' அதன் கீழே பேராசிரியர் பச்சையில் கோடிட்டிருந்தார். 'ஞாபகத் தடுமாற்றத்திலும் குன்றாத மனநிறைவு' என்று தம் கட்டுரையில் அதற்கு ஒரு துணைத்தலைப்பே கொடுத்திருந்தார்.

என் பிழை அடுத்தது. மறுசரிபார்ப்புக்காக ஏப்ரல் மாதம் இந்த மூன்று வீட்டுக்கும் நானே போன் செய்திருக்கிறேன். கொடைரோட்டில், "இருக்காரு, தோட்டத்துல" என்றார்கள். திண்டுக்கல்லில், "இல்ல மேடம், கொடைரோடு போயிருக்காரு" என்றார்கள். நெய்க்காரப்பட்டியில், "இப்ப இங்க இல்லீங்க, ஜூன்ல வருவாருங்க" என்றார்கள். அப்போது மகள் என் மடியில் பாலைக் கக்கிக்கொண்டிருந்தாள். ஒரு கையால் துடைத்துக்கொண்டே மறு கையால் எழுதியிருக்கிறேன்: 'எண் 187, எண் 241: அடிக்கடி பயணம் செய்கிறார். நடமாட்டம் நன்று.' கீழே என் கையெழுத்து.

இது என்னுடைய வெட்கம். ஆனால் இதைவிடப் பெரியது ஒன்று இருந்தது. முப்பத்தெட்டாவது கேள்வி: உங்கள் பிள்ளைகளில் உங்களை நன்றாகப் பார்த்துக்கொள்பவர் யார்? காரணம் கூறுக. சவரிமுத்து ஒவ்வொரு வீட்டிலும், உட்கார்ந்திருந்த வீட்டையே சொல்லியிருந்தார். காரணத்துக்கு மற்ற இரண்டு வீட்டையும் இழுத்திருந்தார். கொடைரோட்டில், "இங்க பசிக்கிறப்போ சோறு வரும். நடுவுலவன் வீட்டுல சோறும் வரும், கூடவே மூஞ்சியும் வரும்" என்று. திண்டுக்கல்லில், "பெரியவன் வீட்டுல தோட்டத்து மல்லிப்பூவுக்கு இருக்கிற மரியாதை எனக்குக் கெடையாது" என்று. நெய்க்காரப்பட்டியில் மூத்தவர்கள் இருவரையும் சேர்த்து ஒரே வரி. அதை நான் எழுதப்போவதில்லை.

இந்த மூன்றையும் மேடையில் படிப்பதென்று பேராசிரியர் முடிவு செய்திருந்தார். அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே படித்தால்தான் உணர்ச்சி இருக்கும் என்றார். மூன்று மகன்களும் மூன்று மருமகள்களும் அதே மண்டபத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

தாளில் கோடு போட்டு எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். பதற்றத்தில் எல்லாவற்றையும் இடப்பக்கமே எழுதியிருந்தேன்.

"சாரம் எங்க?" என்றார்.

நின்றபடியே வலப்பக்கத்தில் எழுதினேன்: ஒரே முதியவர், மூன்று படிவம்.

படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் ஒண்ணும் சொல்லல. நம்ம ஆய்வோட அலகு என்ன?"

"குடும்பம் சார்."

"முதியவர் இல்லியே?"

"இல்ல சார்."

"இங்க குடும்பம் எத்தனை?"

"மூணு சார்."

"அப்ப தப்பு எங்க இருக்கு?"

எட்டு வருடத்தில் அவர் கேட்ட மிகச் சரியான கேள்வி அதுவாக இருக்குமோ என்று இப்போதும் ஒரு பயம் உண்டு.

"அவர் சொன்னத வாசிச்சா மத்த வீடுகள்ல அவருக்குச் சங்கடம் ஆயிரும் சார். அவர் அங்கதான போய் இருக்கணும்."

"நாம பேர வாசிக்கலையேம்மா. எண்ணத்தான வாசிக்கிறோம்" என்றார் பேராசிரியர். தாளில் 'பார்த்தேன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

விழாவுக்கு நான்கு நாள் இருந்தது. அக்டோபர் என்பதால் சவரிமுத்து கொடைரோட்டில்தான் இருப்பார். அத்தையிடம் மகளைக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினேன். போவது விதிப்படி சரியா என்று பஸ்ஸில் யோசித்தேன். பாதி வழி வந்தாயிற்று என்பதால் போனேன். மல்லிகைத் தோட்டத்தில் மோட்டார் அறை நிழலில் உட்கார்ந்து, பழைய ஓஸ் பைப்பின் ஓட்டைக்கு ரப்பர் சுற்றிக்கொண்டிருந்தார். என் கையில் படிவத்தைப் பார்த்ததும் சிரித்தார்.

"நாலாவது தடவையா தாயி? நான் பாஸா பெயிலா, அதச் சொல்லு மொதல்ல."

"மூணு தடவையும் நாப்பதுக்கு நாப்பது அய்யா. அதுதான் பிரச்சினையே."

விஷயத்தைச் சொன்னேன். மூன்று பரிசு என்றதும் தொடையில் தட்டிக்கொண்டார்.

"அப்ப மூணு மருமகளும் பட்டுச்சேலையோட வாராகளா?"

"பரிசு வேணாம்னு நீங்களே சொல்லிரலாமே அய்யா?"

"அது ஏலாது தாயி. லெட்டர் வந்த அன்னைக்கே இவ தெரு பூராச் சொல்லிட்டா. அன்னையில இருந்து எனக்குச் சோத்துக்கு ரெண்டு வெஞ்சனம். வேணாம்னு சொல்லி அதுல நான் மண்ணள்ளிப் போட்டுக்கிறவா?"

பிறகு, மேடையில் படிக்கப்போவதைச் சொன்னேன். ரப்பர் சுற்றிய கை நின்றுவிட்டது.

"அம்புட்டையும் எழுதிட்டாகளா அந்தப் பிள்ளைக?"

"எழுதிட்டாங்க."

"நான் அடுப்படிக்குக் கேக்கட்டும்னு சொன்னேன் தாயி. மைக்குல கேக்கட்டும்னா சொன்னேன்?" பைப்பைக் கீழே வைத்தார். "ஒண்ணாந் தேதி நடுவுலவன் வீட்டுக்குப் போகணும். கதவத் தொறப்பான். அவன் நல்ல பிள்ளதான். தொறந்துட்டு என்ன பேசுவான்? பேசாமயே முப்பது நாளும் சோறு போட்டான்னா அத நான் எப்படித் திங்கிறது?"

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். படிவத்தை எடுத்தேன். "முப்பத்தெட்டாவது கேள்விய மட்டும் மறுபடி கேக்குறேன் அய்யா. பக்கத்துல யாரும் இல்ல. உங்கள நல்லாப் பாத்துக்கிறது யாரு?"

அவர் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். "நெசமாவே ஆரும் இல்லையா?"

"இல்ல."

"அப்ப எதுக்குச் சொல்லணும்?"

தனிமை விதியை எழுதியவர் அங்கே இருந்திருக்க வேண்டும். நான் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்கும்.

"சரி, எழுதிக்க. எந்த வீட்டுல இருக்கேனோ அந்த வீடுதான் நல்ல வீடு."

"அப்ப முன்னாடி மூணு வீட்டுலயும் சொன்னது பொய்யா அய்யா?"

"பொய்யின்னு ஆரு சொன்னா? அந்தந்த மாசத்துக்கு அது நெசம்."

விழா அன்று மண்டப வாசலில் நான்தான் வரவேற்பு. சவரிமுத்துவைக் கூட்டிக்கொண்டு கொடைரோட்டுக் குடும்பம் முதலில் வந்தது. திண்டுக்கல் மகன் மனைவியோடு ஆட்டோவில் வந்து இறங்கினார்.

"நீ எங்கடா இங்க?" என்றார் மூத்த மகன்.

"எங்களுக்குப் பரிசுண்ணே."

"எங்களுக்குத்தானடா பரிசு."

நெய்க்காரப்பட்டி மகன் பைக்கை நிறுத்திவிட்டு வந்தார். பின்னாலேயே அவருடைய மனைவி. மூன்று பட்டுச்சேலைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. மூன்று மகன்களும் தகப்பனாரைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் பேராசிரியரின் கோப்பைப் பார்த்தேன்.

அந்தக் கோப்பில் அன்று காலையில்தான் மூன்று தாள்களை மாற்றி வைத்திருந்தேன். பழைய மூன்று பதில்களையும் ஒரு எழுத்து விடாமல் இடப்பக்கம் எழுதியிருந்தேன். விவரத்தை மறைத்தேன் என்று யாரும் சொல்லக் கூடாது. வலப்பக்கம், மூன்று தாளிலும், சவரிமுத்து தோட்டத்தில் சொன்ன ஒரே வாக்கியம். பேராசிரியரிடம் முன்கூட்டிக் காட்டவில்லை. ஒருவேளை அன்று மட்டும் அவர் இடப்பக்கம் படித்துவிட்டால் என்ன செய்வது என்று யோசித்து வைத்திருக்கவில்லை.

"குடும்ப எண் நூற்றுப் பன்னிரண்டு" என்று பேராசிரியர் மைக்கில் தொடங்கினார். மூக்கு நுனிக்குக் கண்ணாடியை இறக்கினார். அவர் பார்வை தாளின் நடுக் கோட்டைத் தாண்டி வலப்பக்கம் போனது. "இக்குடும்பத்து முதியவர் கூறுகிறார்: எந்த வீட்டில் இருக்கிறேனோ அந்த வீடுதான் நல்ல வீடு."

கைதட்டினார்கள். சவரிமுத்து மூத்த மகன், மருமகளோடு மேடை ஏறிப் பொன்னாடை வாங்கினார். இறங்கினார்.

"குடும்ப எண் நூற்று எண்பத்தேழு." அதே வாக்கியம். நடுமகன், மருமகளோடு சவரிமுத்து மறுபடி ஏறினார். சபையில் இரண்டு பேர் சிரித்தார்கள். மாணவிகள் வரிசையில் நெய்க்காரப்பட்டிக்குப் போன பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

மூன்றாவது முறை அதே வாக்கியத்தைப் படித்ததும் பேராசிரியர் நிறுத்தினார். அவர் சபையை நிமிர்ந்து பார்த்தார். "கவனியுங்கள். நகரம், ரயிலடி, விவசாயக் கிராமம். மூன்று வேறுபட்ட சூழல்கள். ஆனால் முதியவர்கள் மூவரும் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள். இதுதான் நம் மண்ணின் குடும்பப் பண்பு" என்றார். அவர் குரல் தழுதழுத்தது. நடிப்பு இல்லை.

பெரியவருக்குப் பொன்னாடை போர்த்திய சிறப்பு விருந்தினர்தான் மூன்றாவது முறை கையை நிறுத்தி, "அய்யா, நீங்க இப்பத்தான வந்துட்டுப் போனீங்க?" என்றார். மைக் பக்கத்திலேயே இருந்தது.

"உங்களுக்கு ஞாபகத் தடுமாற்றமா இருக்கும்யா" என்றார் சவரிமுத்து.

மண்டபம் முழுவதும் சிரித்தது. மூன்று மகன்களும் சிரித்தார்கள். மருமகள்கள் சிரிக்கவில்லை, ஆனால் சான்றிதழில் எண் சரியாக இருக்கிறதா என்று மூவரும் பார்த்துக்கொண்டார்கள்.

நான் செய்தது சரியா என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் தடுமாறுவேன். நான்காவது முறை சொன்ன வார்த்தையை முதல் மூன்று படிவத்துக்குச் சொந்தமாக்கியது ஆய்வு நெறிப்படி தவறு. மாணவி யாராவது அப்படிச் செய்திருந்தால் நானே திருப்பி அனுப்பியிருப்பேன். என் ஆய்வேட்டில் முந்நூறை இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு என்று திருத்தி, அடிக்குறிப்பில் காரணமும் எழுதினேன். 'முந்நூறு என்று மேடையில் அறிவித்துவிட்டோம்' என்று பச்சை மையில் திரும்பி வந்தது. மறுபடி திருத்தினேன். மறுபடி வந்தது. மூன்றாவது முறை நான் திருத்தவில்லை, கொடுக்கவும் இல்லை. சில மாதம் கழித்து வேலையை விட்டேன். விலகல் படிவத்தில் காரணம் கேட்டு 'சொந்த விருப்பம்', 'குடும்பச் சூழல்' என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. நெடுநேரம் பார்த்துவிட்டு, பேனாவால் மூன்றாவதாக ஒரு கட்டம் வரைந்து அதில் டிக் போட்டேன். அதற்குப் பக்கத்தில் என்ன எழுதுவது என்று தெரியாததால் ஒன்றும் எழுதவில்லை. பேராசிரியர் 'பார்த்தேன்' என்று கையெழுத்திட்டார்.

அதற்கெல்லாம் முன்பு, விழா முடிந்து வந்த நவம்பர் ஒன்றாம் தேதி, மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு திண்டுக்கல் பஸ் நிலையத்துக்குப் போனேன். அத்தையிடம் பழம் வாங்கப் போவதாகச் சொன்னேன். கொடைரோட்டுப் பஸ்கள் நிற்கும் இடத்தில் பழக்கடை ஒன்றும் இருந்ததால் அது முழுப் பொய் இல்லை.

மூன்றாவது பஸ்ஸில் சவரிமுத்து இறங்கினார். தோளில் நீலப் பை. என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை.

"அஞ்சாவதா?" என்றார்.

"இல்லய்யா. சும்மா வந்தேன். நடுவுல உள்ளவங்க ஏதாவது சொன்னாங்களா?"

"காலையில போன் பண்ணுனான். எத்தன மணிக்கு வாரீகன்னு கேட்டான். எப்பவும் கேக்க மாட்டான்." டீக்கடையில் சீனி கூடப் போட்டு டீ சொன்னார். "மூணு வீட்டுலயும் சீனி கெடையாது. இன்னைக்கு ஒரு நாளுதான்."

டீயைக் குடித்து முடித்ததும் பெஞ்சில் பையை வைத்து ஜிப்பைத் திறந்தார். மேலே மூன்று பொன்னாடைகள், பிளாஸ்டிக் உறையில் மடித்தபடி. மூன்றும் ஒரே கடையில் ஒரே நிறத்தில் நானே வாங்கியவை. உறையில் எண் ஒட்டியதும் நான்தான்.

"கண்ணாடி விரிசல்ல எழுத்துத் தெரிய மாட்டேங்குது தாயி. இதுல நடுவுலவன் வீட்டு நம்பர் எது? அத மேலாப்புல வச்சுக் குடு. பையத் தொறந்ததும் அவ பாப்பா. சர்டிபிகேட்டோட ஒத்துப் பாத்தாலும் பாப்பா."

மகளை அவர் மடியில் உட்காரவைத்துவிட்டு மூன்று உறைகளையும் எடுத்துப் பார்த்தேன். எட்டு வருடம் முதுமையியல் துறையில் இருந்தேன். முதியவர் ஒருவருக்கு என்னால் நேரடியாக ஆன உதவி என்று தயக்கமில்லாமல் சொல்லக்கூடியது இது ஒன்றுதான். 187ஐ மேலே வைத்தேன். மற்ற இரண்டையும் அடியில் தள்ளி ஜிப்பை மூடினேன். அவர் மகளை என்னிடம் கொடுத்துவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸைப் பார்த்து நடந்தார்.

பத்தடி போயிருப்பார். "அய்யா, ஒரு நிமிசம்" என்று ஓடிப்போய், பையை மறுபடி திறந்து எண்ணைச் சரிபார்த்தேன்.